செங்ஹெனித் சுரங்கத்தில் இறந்தவர்களில் எங்கள் டேவிட் ஜோன்ஸ் யார்?

கேள்வி: நான் கார்டிஃபில் வசிக்கும் தமிழ்ப் பெண், என் கணவர் வேல்ஸ் நாட்டவர். அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி எல்சி 1912-இல் பிறந்தவர். எல்சியின் தந்தை டேவிட் ஜோன்ஸ் செங்ஹெனித் நிலக்கரிச் சுரங்க வெடிப்பில் இறந்தார் என்பதும், தாய் மார்கரெட் பின்னர் ஹாரிஸ் என்பவரை மணந்துகொண்டு ஊரைவிட்டுப் போய்விட்டார் என்பதும், எல்சிக்குத் தாமஸ் என்றோர் அண்ணன் இருந்தார் என்பதும் குடும்பத்தில் சொல்லக் கேட்டவை. இறந்தோர் பட்டியலைப் பார்த்தால் ஒரே பெயரில் பலர் இருக்கிறார்கள். உறவினர் ஒருவரோ, அந்த மரணம் 1913-இல் அல்ல, 1901-இல் நடந்தது என்று உறுதியாகச் சொல்கிறார். எங்களவரை எப்படி அடையாளம் காண்பது? அவருக்குக் கல்லறை இருக்குமா? பொருந்தக்கூடிய எல்லோருடைய மரணச் சான்றிதழ்களையும் வாங்கிவிடலாமா? பள்ளிக்குக் குடும்ப மரம் எழுதிக்கொண்டிருக்கும் எங்கள் மகளுக்கு என்ன சொல்வது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் உறவினர் எழுப்பிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். செங்ஹெனித் ஊரின் யூனிவர்சல் சுரங்கத்தில் பெரிய வெடிப்பு இரண்டு முறை நிகழ்ந்தது. 1901 மே 24 அன்று விடியற்காலையில் நடந்த முதல் வெடிப்பில் 81 பேர் இறந்தார்கள். 1913 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணியைச் சற்றுக் கடந்த நேரத்தில் நடந்த இரண்டாவது வெடிப்பில் 439 தொழிலாளர்களும், அவர்களை மீட்கச் சென்ற ஒருவரும் உயிரிழந்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு வேறில்லை. எல்சி 1912-இல் பிறந்தவர் என்பது சரியானால் அவருடைய தந்தை 1901-இல் இறந்திருக்க முடியாது. அதற்காக உறவினரின் நினைவை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். ஒரே குடும்பத்தில் தாத்தா முதல் விபத்திலும் மகனோ மருமகனோ இரண்டாவதிலும் இறந்திருந்தால், இரண்டு தலைமுறை கழித்து அவை ஒரே கதையாகக் கலந்துவிடுவது இயல்பு. மார்கரெட்டின் தந்தை யார் என்று தெரிந்த பிறகு 1901 பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மார்ச் 31 அன்று, அதாவது வெடிப்புக்கு எட்டு வாரங்களுக்கும் குறைவான காலத்துக்கு முன்பு எடுக்கப்பட்டது. ஆகவே அந்த விபத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோரை அவர்கள் கடைசியாக வாழ்ந்த வீட்டிலேயே அதில் காணலாம்.

இனி உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இறந்தோர் பட்டியலில் தொடங்கியிருக்கிறீர்கள். இத்தகைய தேடலில் இறங்கும் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், பலர் அங்கேயே நின்றும் போகிறார்கள். வேல்ஸில் நிலையான குடும்பப் பெயர்கள் வழக்கத்துக்கு வந்தது மிகவும் பிந்தித்தான். அதற்கு முன்பு, நாம் தலைப்பெழுத்தில் தந்தையின் பெயரைச் சுமப்பது போல, அவர்களும் இன்னாருடைய மகன் இன்னார் என்றே அறியப்பட்டார்கள். அந்தத் தந்தை பெயர்களே பிற்காலத்தில் குடும்பப் பெயர்களாக உறைந்துபோனதால், ஜோன்ஸ், வில்லியம்ஸ், டேவிஸ், எவன்ஸ், தாமஸ் என்ற ஒரு சில பெயர்களுக்குள் தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகள் முழுவதும் அடங்கிவிட்டன. ஊருக்குள் பட்டப்பெயராலும், பிறந்த ஊரின் பெயராலும், குடியிருந்த வீட்டாலும் ஆளை வேறுபடுத்திக்கொண்டார்கள். அரசுப் பதிவேட்டில் அந்த அடையாளங்கள் எதுவும் ஏறவில்லை. எனவே டேவிட் ஜோன்ஸ் என்ற பெயரை வைத்துக்கொண்டு மட்டும் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் விடை கிடைக்காது.

மரணச் சான்றிதழ் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் என்ற எண்ணமும் தவறானது. இயல்பான மரணமென்றால், பதிவாளரிடம் போய்த் தகவல் சொன்ன மனைவியின் அல்லது மகனின் பெயரும் உறவும் சான்றிதழில் இருக்கும். சுரங்க வெடிப்பு போன்ற விபத்தில் மரண விசாரணை அதிகாரியின் சான்றைக் கொண்டே பதிவு நடந்ததால், தகவல் தந்தவர் என்ற இடத்தில் அவருடைய பெயர்தான் இருக்கும். பெயர், வயது, தொழில், முகவரி, இறப்புக்கான காரணம் ஆகியவற்றுக்கு மேல் அதில் ஒன்றும் கிடைக்காது. மனைவியின் பெயரோ பிள்ளைகளின் பெயரோ இராது. ஐந்து சான்றிதழ்களை வாங்கி மேசைமேல் வரிசையாக வைத்தாலும், அவர்களில் மார்கரெட்டின் கணவர் எவர் என்று அவை சொல்லப்போவதில்லை. ஆகவே இப்போதைக்கு ஒன்றையும் வாங்காதீர்கள்.

உங்களிடம் உள்ள தகவல்களில் மிகவும் மதிப்புள்ளதாக நான் கருதுவது, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்த ஹாரிஸ் என்ற பெயரைத்தான். இறந்த கணவரைப் பற்றிய தடம் மெல்லியதாக இருந்தாலும், உயிரோடிருந்த மனைவி தொடர்ந்து பதிவேடுகளில் தோன்றிக்கொண்டே இருந்தார். மறுமணம் செய்துகொண்டார், பிள்ளைகளை வளர்த்தார், கணக்கெடுப்பில் இடம்பெற்றார். இங்கிலாந்து மற்றும் வேல்ஸின் திருமணப் பதிவு அட்டவணையில் 1912-ஆம் ஆண்டு தொடங்கி மணமக்களில் ஒருவருடைய பெயருக்கு எதிரே மற்றவரின் குடும்பப் பெயரும் அச்சிடப்பட்டது. எனவே 1913-இன் இறுதியிலிருந்து 1921 வரை, மார்கரெட் ஜோன்ஸ் ஒருவர் ஹாரிஸ் ஒருவரை மணந்த பதிவுகளைத் தேடுங்கள். ஒன்றுக்கு மேற்பட்டவை கிடைக்கலாம். பதிவு மாவட்டத்தைப் பார்த்தும், பின்னாளில் அந்தக் குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதைக் கொண்டும் அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். அட்டவணையைத் தன்னார்வலர்கள் படியெடுத்துத் தொகுத்திருக்கும் ஃப்ரீபிஎம்டி தளத்தில் கட்டணமின்றிப் பார்க்க முடியும்.

அந்தத் திருமணச் சான்றிதழை மட்டும் தயங்காமல் வாங்குங்கள். மணமகள் கைம்பெண் என்பது அதில் எழுதப்பட்டிருக்கும். அதைவிட முக்கியமாக, மணமகளின் தந்தையுடைய பெயரும் தொழிலும் இருக்கும். மார்கரெட் அப்போது முதல் கணவரின் பெயரால் ஜோன்ஸ் என்றே குறிக்கப்பட்டிருந்தாலும், அவருடைய தந்தையின் குடும்பப் பெயரே மார்கரெட் பிறந்த வீட்டின் பெயர். இந்த ஒரு சொல் கைக்கு வந்துவிட்டால் தேடலின் கடினமான பகுதி முடிந்தது. (அந்தத் தந்தையும் ஜோன்ஸாக இருந்துவிட்டால், வேல்ஸில் மணம் செய்துகொண்டதற்கான விலை அது என்று உங்கள் கணவரிடம் சொல்லிவிட்டு, சற்றுக் கூடுதலான பொறுமையோடு இதே வழியில் தொடர வேண்டியதுதான்.)

பிறப்புப் பதிவு அட்டவணையில் 1911-இன் மூன்றாம் காலாண்டு முதல் குழந்தையின் பெயரோடு தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சேர்க்கப்பட்டது. எல்சி 1912-இல் பிறந்தது இந்த வகையில் உங்களுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. எல்சி ஜோன்ஸ் என்ற பெயரில் அந்த ஆண்டு பதிவான குழந்தைகளில், தாயின் பெயர் பொருந்துகிற ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிறப்புச் சான்றிதழ் பெறுங்கள். செங்ஹெனித் அப்போது எக்லுவிசிலன் என்ற திருச்சபைப் பங்கைச் (பாரிஷ்) சேர்ந்திருந்தது. பதிவு மாவட்டம் பொன்டிபிரித். எல்சி எந்த நாளில் பிறந்தார் என்று குடும்பத்தில் தெரியாவிட்டால், இரண்டாம் உலகப் போர் தொடங்கிய மாதத்தில், 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்ட தேசியப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். பின்னர் மணமான பெண்களின் புதிய குடும்பப் பெயரும் பல இடங்களில் பக்கத்திலேயே எழுதிச் சேர்க்கப்பட்டுள்ளது.

பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர், அவருடைய தொழில், தாயின் மணமான பெயரும் பிறந்த வீட்டுப் பெயரும், பிறந்த இடத்தின் முகவரி ஆகிய நான்கும் கிடைக்கும். தந்தை நிலக்கரி வெட்டுபவர் என்றும், முகவரி செங்ஹெனித்தின் ஹை ஸ்ட்ரீட் அல்லது கமர்ஷியல் ஸ்ட்ரீட் போன்ற ஏதோவொரு தெரு என்றும் இருந்துவிட்டால், விபத்துக்கு ஓராண்டுக்கு முன்பு அவர் எந்த வீட்டில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். எல்சியின் சொந்தத் திருமணச் சான்றிதழை வைத்தே இதை முடித்துவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். அதில் தந்தை என்ற இடத்தில் வளர்ப்புத் தந்தையின் பெயரை எழுதிவிடும் வழக்கம் அந்நாளில் பரவலாக இருந்தது. ஹாரிஸ் என்ற பெயர் அங்கே இருந்தால் திகைக்க வேண்டாம், ஜோன்ஸ் என்றிருந்து பக்கத்தில் காலமானவர் என்றும் இருந்தால் அது கூடுதல் சான்று.

இதற்கு அடுத்ததாக 1911-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புக்குச் செல்லுங்கள். ஏப்ரல் 2 அன்று எடுக்கப்பட்ட அந்தக் கணக்கெடுப்பின் வீட்டுப் படிவங்கள், குடும்பத் தலைவரே தம் கையால் நிரப்பியவை, அப்படியே பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி ஆகிய இரண்டு தளங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். டேவிட், மார்கரெட், சிறுவன் தாமஸ் ஆகிய மூவரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் படிவத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும். தனிப் பெயர் நம்மை ஏமாற்றுவது போல மூவர் சேர்ந்த குடும்பம் எளிதில் ஏமாற்றாது. திருமணமாகி எத்தனை ஆண்டுகள், பிறந்த குழந்தைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை, ஒவ்வொருவரும் பிறந்த ஊர் எது, பேசும் மொழி வெல்ஷா ஆங்கிலமா இரண்டுமா என்பவையெல்லாம் அதில் கேட்கப்பட்டன. பிறந்த ஊர் என்ற பத்தியை ஊன்றிப் பாருங்கள். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். வடக்கு வேல்ஸின் பலகைக்கல் குவாரிகளில் வேலையற்றுப் போய்த் தெற்கே வந்தவர்களும் அவர்களில் உண்டு. டேவிட்டும் அப்படி வந்தவராக இருந்தால், அவருடைய பெற்றோரைத் தேட வேண்டிய இடம் செங்ஹெனித் அல்ல, அந்தப் பத்தியில் எழுதியிருக்கும் ஊர்.

இப்போதுதான் இறந்தோர் பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். வெளியான பட்டியல்களில் பெரும்பாலும் பெயரோடு வயதும் முகவரியும் இருப்பதால், கணக்கெடுப்பிலிருந்து நீங்கள் அறிந்த வயதையும் சான்றிதழில் கண்ட தெருவையும் பொருத்திப் பார்க்கலாம். சுரங்கத் தொழிலாளர்கள் வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறியவர்கள் என்பதால் முகவரி பொருந்தாவிட்டால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். பட்டியலிலும் படிவத்திலும் வயது ஓரிரண்டு ஆண்டுகள் முன்பின்னாக இருப்பதும் சகஜம். இவற்றுக்குப் பிறகும் இருவர் எஞ்சினால், மற்றவரின் குடும்பத்தையும் இதே முறையில் தேடி, அவருக்கு வேறு மனைவி இருந்தார் என்றோ அவர் மணமாகாதவர் என்றோ நிறுவி நீக்குங்கள். அந்த விபத்தில் 205 பெண்கள் கணவரை இழந்தார்கள், 542 குழந்தைகள் தந்தையை இழந்தார்கள் என்பது பதிவான கணக்கு. இறந்தவர்களின் மொத்த எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், பாதிக்கும் மேற்பட்டோர் மனைவியை விட்டுச் சென்றவர்கள் அல்லர் என்பது புரியும்; அவர்களில் 60 பேர் இருபது வயதைத் தொடாதவர்கள், எட்டுப் பேருக்கு வயது 14. ஆகவே நீங்கள் அஞ்சுவதைவிட விரைவாகவே பெயர்கள் குறையக்கூடும். மணமாகாத தொழிலாளி என்றால் பிறர் வீட்டில் வாடகைக்குத் தங்கியவராகவே பெரும்பாலும் இருப்பார். அந்த முகவரியைக் குடும்ப வீடு என்று எண்ணி ஏமாந்தவர்களும் உண்டு.

ஒரு சாத்தியத்தை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்வது என் கடமை. தெற்கு வேல்ஸின் சுரங்கங்களில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெயர்பெற்ற வெடிப்புகளில் இறந்தவர்கள் அல்லர். மேற்கூரைக் கல் சரிந்தும், கரி ஏற்றிய வண்டிகளில் நசுங்கியும் ஒருவர் இருவராக இறந்தவர்கள். அப்படிப்பட்ட மரணம் நாளடைவில் குடும்ப நினைவில் அருகிலுள்ள பெரிய விபத்தோடு ஒட்டிக்கொள்வதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் எல்சியை வேறொரு பள்ளத்தாக்கில் காட்டினாலோ, 1913 பட்டியலில் எவரும் பொருந்தாவிட்டாலோ, டேவிட் வேறொரு சுரங்கத்தில், வேறொரு நாளில் இறந்திருக்கலாம் என்பதை ஏற்று 1912-க்கும் மார்கரெட்டின் மறுமணத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகளின் இறப்பு அட்டவணையைத் தேடுங்கள். இடையில் 1914-இல் முதல் உலகப் போரும் வந்துவிட்டதால், அவர் அதில் இறந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

பொருந்துகிறவர் ஒருவர் உறுதியான பிறகு மரணச் சான்றிதழை வாங்கலாம். உடல்களை மீட்கவே பல வாரங்கள் ஆயின என்பதாலும் விசாரணை நீண்டதாலும், 1913-இன் கடைசிக் காலாண்டில் பதிவு இல்லையென்றால் 1914-இன் தொடக்கத்திலும் பாருங்கள். மரண விசாரணையின் மூலக் கோப்புகளை எதிர்பார்ப்பதைவிடச் செய்தித்தாள்களைப் படிப்பது பயனுள்ளது. ஆபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம், 1919 வரையிலான வேல்ஸ் செய்தித்தாள்களை இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கத் தருகிறது. ஆங்கில ஏடுகளும் வெல்ஷ் ஏடுகளும் அதில் உள்ளன. பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதோடு நிற்காமல், 1913 அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரையிலான இதழ்களைப் பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பழைய அச்சைக் கணினி தவறாகப் படித்த இடங்கள் ஏராளம். அடையாளம் காணப்பட்டவர்கள், அடக்கம் நடந்த இடம், விட்டுச்சென்ற பிள்ளைகளின் எண்ணிக்கை போன்ற செய்திகள் அங்கேதான் கிடைக்கும். வடக்கு வேல்ஸிலிருந்து வந்தவர் என்றால் அவருடைய சொந்த ஊரின் வெல்ஷ் மொழி ஏட்டில் செங்ஹெனித் ஏடுகளைவிட விரிவான குறிப்பு இருக்க வாய்ப்புண்டு. வெல்ஷ் தெரிந்த ஒருவரின் உதவியை உங்கள் கணவரின் சுற்றத்திலேயே பெறலாம் என்று நினைக்கிறேன்.

அரசு விசாரணை அறிக்கையை நாடி நேரம் செலவழிக்க வேண்டாம். தலைமைச் சுரங்க ஆய்வாளர் ரிச்சர்ட் ரெட்மெய்ன் தலைமையில், சுரங்க உரிமையாளர் தரப்பில் எவன் வில்லியம்ஸும் தொழிலாளர் தரப்பில் ராபர்ட் ஸ்மைலியும் அமர்ந்து நடத்திய விசாரணை அது. மீத்தேன் வாயு தீப்பற்றியது எப்படி, கரித்தூள் அந்தத் தீயைச் சுரங்கம் முழுவதும் கொண்டுசென்றது எப்படி, காற்றோட்டத்தைத் திருப்பிவிடும் ஏற்பாடு ஏன் இல்லை என்பவற்றைத்தான் அது ஆராய்ந்தது. வெடியில் நேரடியாகச் சிக்கியவர்களைவிட, அதற்குப் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு வாயுவால் மூச்சடைத்து இறந்தவர்கள் அதிகம். மகள் வளர்ந்தபின் அறிந்துகொள்ளட்டும் என்று ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: நீதிமன்றம் இறுதியில் மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுண்டு, நிறுவனத்துக்கு 10 பவுண்டு.

இழப்பீட்டைப் பொறுத்தவரை, 1906-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப்படி இறந்தவரைச் சார்ந்திருந்தோருக்கு அதிகபட்சம் 300 பவுண்டு வரை கிடைத்திருக்கலாம். அந்தத் தொகை மாவட்ட நீதிமன்றத்தில் செலுத்தப்பட்டு, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் பிரித்துத் தரப்பட்டது. உங்கள் குடும்பத்துக்குரிய பதிவு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று கிளமோர்கன் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். அது கார்டிஃபிலேயே இருப்பதால் நேரில் போவது உங்களுக்கு எளிது. அங்கேயே உள்ளூர்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகளில் தாமஸின் பெயரையும் தேடித் தருமாறு கேட்கலாம். விபத்துக்குப் பிந்தைய வாழ்க்கைக்கு 1921 ஜூன் 19-இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பைப் பாருங்கள். பதினைந்து வயதுக்கு உட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் பெற்றோர் உயிரோடிருக்கிறார்களா என்று அதில் கேட்கப்பட்டது. ஹாரிஸ் வீட்டில் வளரும் எல்சிக்கும் தாமஸுக்கும் நேரே தந்தை இறந்துவிட்டார் என்ற பதிவு இருந்தால், குடும்பக் கதையின் அடிப்படைக்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கல்லறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இறந்தவர்களில் பலர் கேர்ஃபிலிக்கு அருகில் பெனிர்ஹியோல் கல்லறைத் தோட்டத்திலும், எக்லுவிசிலன் தேவாலய வளாகத்திலும் அடக்கம் செய்யப்பட்டார்கள். வெளியூர்க்காரர்கள் சிலரின் உடல்கள் சொந்த ஊருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. சிலருடைய உடல் கடைசிவரை கிடைக்கவில்லை, கிடைத்தவர்களிலும் பலரை ஆடையையும் உடைமைகளையும் கொண்டே அடையாளம் காண முடிந்தது. ஆகவே கல்லறை இல்லாமலிருக்கவும், இருந்தும் கல் நடப்படாமலிருக்கவும் கூடும். அடக்கப் பதிவேடு மட்டுமே இதை உறுதிசெய்யும். விபத்தின் நூற்றாண்டு நாளான 2013 அக்டோபர் 14 அன்று செங்ஹெனித்தில் திறக்கப்பட்ட வேல்ஸ் தேசியச் சுரங்க நினைவிடத்தில், இரண்டு வெடிப்புகளிலும் இறந்த ஒவ்வொருவரின் பெயரும் பதிக்கப்பட்டிருக்கிறது. மகளை அங்கே அழைத்துச் செல்வது நல்லதுதான், ஆனால் எந்த டேவிட் ஜோன்ஸ் என்று தெரிந்த பிறகு போங்கள். ஊகத்தின்பேரில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டிவிட்டு, பின்னர் அது வேறொரு குடும்பத்துக்குரியது என்று சொல்ல நேர்வது குழந்தைக்கும் உகந்ததல்ல.

இணையத்தில் பிறர் எழுதி வைத்திருக்கும் குடும்ப மரங்களில் இதே டேவிட் ஜோன்ஸ் தோன்றினால், எந்தச் சான்றைக் கொண்டு இணைத்தார்கள் என்று கேளுங்கள். சான்று இல்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். மரபணுச் சோதனை இப்போதைக்கு வேண்டியதில்லை. தாமஸின் வழித்தோன்றல்களோ டேவிட்டின் உடன்பிறந்தோரின் வழித்தோன்றல்களோ தெரியவந்து, அவர்களும் இசைந்தால் மட்டுமே அது பயன்படும்.

மகளின் குடும்ப மரத்தில் இப்போதைக்கு எல்சியின் பெற்றோராக டேவிட் ஜோன்ஸ், மார்கரெட் என்று எழுதி, டேவிட்டின் பெயருக்குக் கீழே பென்சிலால், செங்ஹெனித், 1913, சரிபார்க்கப்படுகிறது என்று குறித்துவையுங்கள். மார்கரெட்டின் மறுமணச் சான்றிதழும் எல்சியின் பிறப்புச் சான்றிதழும் கைக்கு வந்தவுடன் இரண்டின் நகலையும் எனக்கு அனுப்புங்கள். எந்த மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன்.